முன்பணமும் மருத்துவமும்: சேர்வராயன் மலையிலிருந்து கொத்தடிமை ஒழிப்பை அளத்தல்

பிப்ரவரி 9ஆம் நாளைத் தமிழகம் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு தினமாகக் கடைப்பிடிக்கிறது. 1976இல் ஒழிப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த நாள் அது. ஒழிப்பின் வெற்றியை மீட்கப்பட்டோர் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. நோயுற்ற கூலித் தொழிலாளி கடன்படாமல் சிகிச்சை பெற முடிகிறதா என்பதே உரிய அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பித் தோட்டங்கள் உருவான அக்காலத்தில், அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்களித்தது. கம்பெனி இயற்றிய 1843ஆம் ஆண்டுச் சட்டமோ அடிமையுரிமை கோரும் வழக்குகளை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்ததே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம்தான் அடிமைமுறையைக் குற்றமாக்கியது. அதற்குள் 1859இன் 13ஆம் சட்டம் வந்துவிட்டது. அதன்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால், திரும்பி வரவோ பணத்தைக் கட்டவோ மாஜிஸ்ட்ரேட் ஆணையிடலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் இச்சட்டத்தைக் கையிலெடுத்தனர். 1925இல்தான் அதை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பிறப்பால் கட்டுண்டவர் விடுபட்ட காலத்திலேயே முன்பணத்தால் கட்டுண்டவர் உருவானார்.

ஏழைக் குடும்பம் முன்பணம் வாங்குவது பெரும்பாலும் கலியாணத்துக்கு, சாவுக்கு, நோய்க்கு. இவற்றுள் நோய்க்கடனே கொடியது. கூலி நிற்கும் நாளிலேயே செலவு தொடங்கிவிடுகிறது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவது முதலாளியின் கடமை என 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவு விதித்தது. தவறினால் தலைமை ஆய்வாளரே வசதி செய்து, செலவை முதலாளியிடம் வசூலிக்கவும் அது வழி செய்தது. ஆனால் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் அச்சட்டம் குறைந்தது 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. சிறு தோட்டங்களில் தினக்கூலிக்குப் போகும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், 108 ஆம்புலன்ஸ் உண்டு, 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வருகிறது என்று மறுப்பு எழலாம். இவை பெரும் பேறுகள்தாம். ஆயினும் இழந்த கூலியை இவை ஈடுசெய்வதில்லை. சாலையில்லாத ஊருக்கு ஆம்புலன்ஸ் ஏறுவதுமில்லை. 2023 மே மாதம் மலையாளிகள் வாழும் மற்றொரு மலையான வேலூர் மாவட்டத்து அல்லேரியில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது.

நினைவுநாளும் மருத்துவமும் சேர்ந்து வந்ததற்கு அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு: அங்கு அடிமை விடுதலை நாளான ஜூன் 19ஆம் நாள், 2021ஆம் ஆண்டில் தேசிய விடுமுறையானது. அதே ஆண்டில் சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிக்கும் சூத்திரத்திலிருந்து கறுப்பினத்தவருக்கெனத் தனியே இருந்த பெருக்கெண்ணை நீக்குமாறு அந்நாட்டுச் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தன. நினைவுநாள் அங்கே மருத்துவத்தின் சுயபரிசோதனையோடு சேர்ந்து வந்தது.

இங்கும் அத்தகைய சுயபரிசோதனை வேண்டும். ஏற்காட்டின் ஒவ்வொரு தோட்டத்திலும் உள்ள மருத்துவ வசதியை ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று அரசு வெளியிட வேண்டும். தொழிலாளர் சட்டங்கள் எந்தப் பெயரில் மாறினாலும் முதலாளியின் மருத்துவக் கடமை நீடிக்க வேண்டும். நோய்க்கால ஊதியம் சிறு தோட்டக் கூலிகளையும் எட்ட வேண்டும். இவையின்றி எடுக்கும் உறுதிமொழி முழுமை பெறாது.