செம்மண்ணும் குருகும்: காதல் வாக்குறுதியை வாசித்தல்

குறுந்தொகையின் 40ஆம் பாட்டு இன்றைக்குத் தமிழர்களின் காதல் சாசனம் மாதிரி ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிறது. 1997இல் வந்த 'இருவர்' படப் பாட்டுக்குள் அதன் சொற்கள் நுழைந்தன. 2019இல் 'சகா' படத்தில் புது மெட்டில் ஒலித்தது. முன்பின் அறியாத இருவர் நெஞ்சம், செம்மண்ணில் விழுந்த மழைநீர்போலக் கலந்துவிட்டன என்பது சேதி. குலம், ஊர் எல்லாம் கடந்த சமத்துவக் காதல் என்று மேடையில் பொழிப்புரை சொல்கிறார்கள்.

இந்த வாசிப்பில் ஒன்று காணாமல் போகிறது. பேசுவது யார், எப்போது பேசுகிறான்? பழைய கூற்றுக் குறிப்பு தெளிவாகவே இருக்கிறது. இயற்கைப் புணர்ச்சிக்குப் பிறகு, இவன் விட்டுப் போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் குறிப்பு மாறுவதைக் கண்டு தலைவன் சொல்லும் வார்த்தை இது. இருவரும் சேர்ந்து செய்த பிரகடனம் என்று நாம் கொண்டாடும் பிரதி, பயந்துபோன ஒருத்திக்கு ஒருவன் கொடுக்கும் வாக்குறுதி. அவள் பங்கையும் அவனே பேசிவிடுகிறான்.

கூற்றுக் குறிப்பு பின்னால் வந்தவர்கள் சேர்த்ததுதானே, அதை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் குறிப்பைத் தூக்கிப்போட்டாலும் பயம் போகாது. அதே தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி அதை வாய்விட்டே சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய நாளில் அந்தக் கள்வனைத் தவிர யாரும் இல்லை, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி ஒரு குருகு மட்டும் இருந்ததாம். அதன் கவனமோ மீன்மேல். அது எங்கே சாட்சி சொல்லப் போகிறது! எம்.ஏ. வகுப்பில் இயற்கை வருணனை என்று நாங்கள் குறிப்பெடுத்த இந்த இடத்தை, சாட்சியில்லாத வழக்கின் வாக்குமூலமாகவே நான் வாசிக்கிறேன்.

சாட்சி இருந்தால் என்ன ஆகும் என்பதை அகநானூறு 256 சொல்கிறது. கள்ளூரில் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தவன், 'அறியேன்' என்று பொய்ச் சூள் உரைக்கிறான். சாட்சிகளை விசாரித்து உண்மை தெரிந்ததும், அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். அவையே ஆர்ப்பரிக்கிறது. கபிலரின் தலைவிக்கு இந்த அவை கிடைக்காது.

பொய்யும் குற்றமும் தோன்றிய பின்னர் ஐயர் கரணத்தை வகுத்தார்கள் என்று தொல்காப்பியக் கற்பியலும் சொல்கிறது. ஐயர் என்றால் பார்ப்பனரா, பெரியோரா என்று இத்தனை காலம் சண்டை போட்டோம். அந்தப் பொய் யாரிடம் சொல்லப்பட்டது என்று அதே சூட்டோடு கேட்டோமா?

1967இல் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொண்டுவந்தது. புரோகிதர் வேண்டாம், ஆனால் உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் இருக்க வேண்டும் என்றது. சடங்கை விட்ட சட்டம் சாட்சியை விடவில்லை. கபிலரின் தலைவி கேட்டதும் அதைத்தான். 40ஐ அச்சடிக்கிறவர்கள் 25ஐயும் ஒருதடவை படித்துவிட்டு அச்சடிக்கட்டும்.