செய்தி கற்கும் இடம்: ஒரு திருமலைக் குறிப்பு

திருகோணமலையைத் துறைமுகத்தாலும் கோணேசர் ஆலயத்தாலும் அறிந்தவர்கள் பலர். அங்கே ஒரு பெரிய வானொலி அஞ்சல் நிலையம் இருந்ததை அறிந்தவர்கள் குறைவு. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1980களில் நிறுவிய அந்நிலையம், ஜேர்மனியில் தயாரான நிகழ்ச்சிகளை ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் உலகச் செய்திகள் இவ்வூர் வானத்தினூடாகச் சென்றன. இவ்வூர் மாணவன் தன் ஊர்ச் செய்தியை எழுதி வாசித்துப் பழகுவதற்காக அது கட்டப்பட்டதன்று.

இலங்கை வானொலியின் தொடக்கமோ, செய்து பார்த்தே கற்றதாகும். 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகச் சிற்றறை ஒன்றிலிருந்து எட்வர்ட் ஹார்ப்பரும் அவரது துறைப் பொறியியலாளர்களும் கிராமபோன் இசையை ஒலிபரப்பினார்கள். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே அவர்கள் ஒலிபரப்பியைச் செய்திருந்தார்கள். லண்டனில் பி.பி.சி. 1922இல்தான் தொடங்கியிருந்தது. கற்றுத்தர ஆளில்லாத காலம் அது. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

மாணவர் கைக்கு ஒலிவாங்கி வந்த கதைக்குச் சென்னைக்குச் செல்ல வேண்டும். 2004 பெப்ரவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எப்.எம்., இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. மாணவர்கள் நேர்காணவும் ஒலிப்பதியவும் தொகுக்கவும் அங்கே வேலையினூடே கற்றார்கள். ஆனால் சமுதாய வானொலிக்கான இந்திய அரசின் நெறிமுறைகள் செய்தியையும் நடப்பு விவகாரங்களையும் விலக்கி வைத்தன. எல்லாம் பழகலாம், செய்தி மட்டும் பழகலாகாது!

இழப்பு சிறிதன்று. பத்திரிகை வாசகன் புரியாத வரியைத் திரும்பப் படிப்பான். வானொலி நேயருக்கு ஒரு தடவைதான். ஆகவே வாக்கியம் குறுகும், யார் சொன்னார் என்பது முன்னால் வரும், எண்கள் குறையும். இவற்றை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். கேள்விப்பட்டதைச் சரிபார்க்காமல் சொல்லாதிருப்பதோ, செய்தி நேரம் நெருங்கும்போதுதான் கைவரும். அதை வகுப்பறை தராது.

அந்தப் பாடத்தின் விலையைத் திருமலை அறியும். 2006 ஜனவரி 2இல் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்றது இராணுவத் தரப்பு. 'சுடர் ஒளி' நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. ஜனவரி 24 காலை, வேலைக்குச் செல்லக் காத்து நின்ற அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரும், போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

சொல்லப்பட்டதை அப்படியே எழுதாமல், நேரில் சென்று பார்த்தார் அவர். செய்தித் தொழிலின் முதற்பாடமும் கடைசிப் பாடமும் அதுதான்.

நிலாவெளி வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தொடர்பாடல் கற்கும் மாணவர்கள் அங்கே உள்ளனர். பத்து நிமிடச் செய்தியை அவர்களே திரட்டி, சரிபார்த்து, வாசிக்கட்டும். பிழைகள் வரும், திருத்திக்கொள்வார்கள். சுகிர்தராஜனின் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் எனக்குத் தோன்றவில்லை.