ஆடை அலங்காரப் புகைப்படக் கலைஞர்கள் பாடம் கற்ற கதை

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்குப் புகைப்படம் எடுப்பதில் ஆர்வம் வந்துவிட்டது; எந்தக் கேமராவை வாங்கிக் கொடுக்கலாம் என்பதே அக்கேள்வி. பிள்ளைகளைக் கேட்டால், அவர்கள் எடுக்க விரும்புவது பெரும்பாலும் ஆடை அலங்காரப் படங்களே. தீபாவளிக்கு வாங்கிய புத்தாடையை அணிந்துகொண்டு, எங்கோ கண்ட பாவனையில் நின்று, தோழியைப் படமெடுக்கச் சொல்கிறார்கள். இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்களும் நம்மிடையே உண்டு. அத்துறையில் பெயர் பெற்றவர்கள் எவ்வாறு கற்றார்கள் என்னும் வரலாற்றைப் படித்தால் அந்த ஐயம் நீங்கும் என்று கருதுகிறேன். கேமராவைப் பற்றிய கேள்விக்கும் அதில் ஓரளவு விடை இருக்கிறது.

எட்வர்ட் ஸ்டைக்கன் என்பவரிடமிருந்து தொடங்குவது முறை. 1879ஆம் ஆண்டு லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரெஞ்சுக் கலைச் சஞ்சிகை ஒன்றில், பால் புவாரே என்னும் ஆடை வடிவமைப்பாளரின் உடைகளை அவர் எடுத்த படங்கள் வெளிவந்தன. நவீன ஆடை அலங்காரப் புகைப்படக் கலை அவற்றிலிருந்தே பிறந்தது என்று கூறுவோர் பலர். அப்போது அவருடைய படங்கள் ஓவியத்தைப் போல் சற்றே மங்கலாகவும் மென்மையாகவும் இருந்தன. அவரே ஓவியரும்கூட. பின்னர் முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்கப் படையில் சேர்ந்து வான்வழிப் புகைப்படப் பணியை ஏற்றார். விமானத்திலிருந்து எடுக்கும் படத்தில் பதுங்கு குழியும் பீரங்கியும் தெளிவாகத் தெரியவேண்டும். அழகிய மங்கலுக்கு அங்கே இடமில்லை.

போர் முடிந்தபின் அவர் செய்த காரியம்தான் நம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. அப்போது அவருக்கு வயது நாற்பது, உலகறிந்த கலைஞர். ஆயினும் பிரான்சு நாட்டில் தாம் வாழ்ந்த கிராமத்து வீட்டில், வெள்ளைக் கோப்பை ஒன்றையும் அதன் தட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, தூய வெண்மையிலிருந்து சாம்பல் நிறத்தின் படிகள் வழியாகக் கருமை வரையிலான பின்னணிகளோடு, ஆயிரம் முறைக்கு மேல் படமெடுத்தார். கோப்பை மாறவில்லை. ஒளியின் அளவையும் பின்னணியையும் மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் என்ன நிகழ்கிறது என்று பார்த்தார். இசை பயில்வோர் நாள்தோறும் சரளி வரிசையைப் பாடுவதற்கு இது ஒப்பாகும்.

இப்பயிற்சியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கைப்பேசிக் கேமராவே போதும். சன்னலோரம் வெள்ளைக் கோப்பையைக் கறுப்புத் துணியின்மேல் வைத்து எடுங்கள். பிறகு வெள்ளைத் துணியின்மேல் வைத்து எடுங்கள். முதற்படத்தில் கறுப்புத் துணி வெளிறிப் போய், கோப்பை அளவுக்கு மீறி வெளுத்துத் தெரியும். இரண்டாவதில் வெண்மையெல்லாம் அழுக்கேறியது போல் மங்கியிருக்கும். காரணம் எளிது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே அது முயல்கிறது. இக்காலக் கைப்பேசிகள் இக்குறையைத் தாமே பெருமளவு சரிசெய்ய முனைந்தாலும் முழுமையாகச் செய்துவிடுவதில்லை. எனவே எவ்வளவு ஒளி வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் படம் எடுப்பவரே. வெண்பட்டையும் கறுப்பு வெல்வெட்டையும் ஒரே படத்தில் காட்டவேண்டிய ஆடை அலங்காரக் கலைஞருக்கு இதுவே அரிச்சுவடி.

1923ஆம் ஆண்டு ஸ்டைக்கன் 'வோக்' சஞ்சிகையை வெளியிட்ட காண்டே நாஸ்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். அதுவரை பகலொளியில் மட்டுமே வேலை செய்தவர். முதல்நாள் படப்பிடிப்பில் மின்விளக்குகளோடு வந்து நின்ற பணியாளரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி, அவற்றைக் கொண்டு அந்த விளக்கொளியை மறைத்துவிட்டாராம். பிறகு சிறிது சிறிதாக மின்னொளியைக் கற்று, அதிலேயே தலைசிறந்தவர் ஆனார்.

ஒளியின் அளவுக்கு அடுத்த பாடம் குவியம். எது தெளிவாக இருக்கவேண்டும், எது கலங்கி இருக்கவேண்டும் என்பதே குவியம் பற்றிய தேர்வு. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹோய்னிங்கன் ஹ்யூனா 1930இல் 'வோக்' சஞ்சிகைக்காக எடுத்த நீச்சலுடைப் படம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முதுகைக் காட்டியபடி அமர்ந்து தொலைவில் கடலைப் பார்ப்பது போல் தோன்றும். உண்மையில் அங்கே கடலே இல்லை. பாரிசில் சஞ்சிகையின் ஸ்டூடியோ இருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் எடுத்த படம் அது. மாடியின் கைப்பிடிச் சுவர் குவியத்திற்கு வெளியே கலங்கித் தெரிவதால், நம் கண் அதைத் தொடுவானம் என்று நம்பிவிடுகிறது. அதில் அமர்ந்திருக்கும் ஆண், ஹ்யூனாவிடம் உதவியாளராக இருந்த ஹோர்ஸ்ட். பிற்காலத்தில் அவரும் 'வோக்' சஞ்சிகையின் பெருங்கலைஞரானார். குருவின் படத்தில் உட்கார்ந்துகொண்டே தொழில் கற்றவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது பாடம் ஷட்டர் வேகம். அதைக் கற்பித்தவர் ஆடை அலங்காரத் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர். மார்ட்டின் முன்காச்சி ஹங்கேரியர். விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்த செய்தியாளர். பந்தைப் பின்தொடர்ந்து பழகிய கண் அவருடையது. 1933ஆம் ஆண்டின் இறுதியில், 'ஹார்பர்ஸ் பஜார்' சஞ்சிகைக்காக லாங் ஐலண்ட் கடற்கரையில் நீச்சலுடைப் படம் எடுக்க அவரை அழைத்துச் சென்றார் கார்மெல் ஸ்னோ. கடுங்குளிர் காலம். முன்காச்சிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. மாதிரிப் பெண்ணைத் தம்மை நோக்கி ஓடிவரச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளவே மற்றவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஓடிவரும் பெண், தோளிலிருந்து பின்னால் பறக்கும் மேலாடை, கடல் காற்று. அதுவரை ஸ்டூடியோவில் சிலைபோல் நின்றுகொண்டிருந்த ஆடை அன்றைக்கு உயிர் பெற்றது. அவர் ஆப்பிரிக்காவின் தங்கன்யிக்கா ஏரியில் எடுத்த, அலையை நோக்கி ஓடும் மூன்று சிறுவர்களின் படம்தான் கார்த்தியே-பிரெசோன் என்னும் மேதையைப் புகைப்படக் கலைக்கு இழுத்து வந்தது என்பது தனிக்கதை.

இனி வருவது ஒரு வகுப்பறையின் வரலாறு. நான் மிக விரும்பும் பகுதியும் இதுவே.

அலெக்ஸி ப்ரோடோவிச் 1898ஆம் ஆண்டு ரஷ்யாவில் பிறந்தவர். புரட்சிக்குப்பின் நாட்டை விட்டு வெளியேறி, பாரிசில் வாழ்ந்து, 1930இல் அமெரிக்கா சென்றார். 1934 முதல் 1958 வரை 'ஹார்பர்ஸ் பஜார்' சஞ்சிகையின் கலை இயக்குநராகப் பணியாற்றினார். அதனோடு 'வடிவமைப்புக் கூடம்' என்ற பெயரில் ஒரு வகுப்பையும் நடத்திவந்தார். பிலடெல்பியாவில் தொடங்கி, 1941 முதல் நியூயார்க் நகரில் அது நடைபெற்றது. அங்கே கேமராவை எப்படிப் பிடிப்பது, ஒளித்துளையை எவ்வளவு திறப்பது என்றெல்லாம் அவர் கற்பிக்கவில்லை. மாணவர்களுக்கு ஒரு தலைப்பைக் கொடுப்பார். எடுத்துவந்த படங்களை எல்லார் முன்னிலையிலும் பரப்பி வைத்துப் பேசவேண்டும். எங்கோ பார்த்த படத்தைப் போலவே ஒன்று கேமராவுக்குள் தெரிந்தால் ஷட்டரை அழுத்தாதீர்கள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை. என்னை வியக்க வையுங்கள் என்பது இன்னொன்று. அதை அவர் பாலே நடனக் குழுவின் தலைவரான தியாகிலெவிடமிருந்து எடுத்துக்கொண்டார். தாமே எடுத்த நடனப் படங்களை 1945இல் நூலாக வெளியிட்டார். உருவங்கள் கலங்கியும் ஒளி சிதறியும் இருக்கும் அப்படங்களில், அன்றைய பாடநூல்கள் சொன்ன விதி எதையும் அவர் மதிக்கவில்லை.

இவரிடம் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் அவடான். 1923இல் பிறந்தவர். தந்தை துணிக்கடை உரிமையாளர். வீட்டுக்கு ஆடை அலங்காரச் சஞ்சிகைகள் வரும். முன்காச்சியின் படங்களைக் கத்தரித்துத் தம் அறையில் ஒட்டிவைத்த சிறுவன் அவர். போர்க்காலத்தில் வணிகக் கப்பற்படையில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை, மாலுமிகளின் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. வெள்ளைப் பின்னணி, நேர்நின்ற முகம். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியான படங்கள். ஸ்டைக்கனின் கோப்பையைப் போன்றதே இதுவும். பிற்காலத்தில் அவருக்குப் பெரும்புகழ் தந்த உருவப்படங்களிலும் அதே வெள்ளைப் பின்னணியைக் காணலாம்.

அவடான் தம் படங்களைக் கொண்டுசென்று ப்ரோடோவிச்சிடம் காட்டியபோது நிகழ்ந்ததை ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருப்பது நன்று. ஆடை அலங்காரப் படங்கள் என்று அவர் ஆசையோடு எடுத்துச் சென்றவை பிறரைப் பார்த்துச் செய்தவை. ப்ரோடோவிச் அவற்றை ஒதுக்கிவிட்டார். கட்டில் கிடந்த வேறொரு படத்தில் அவர் கண் நின்றது. இரட்டையரான இரு மாலுமிகள். ஒருவர் தெளிவாகவும் மற்றவர் குவியம் கலங்கியும் தெரியும் படம். இந்தப் பார்வையை ஆடைகளுக்குக் கொண்டுவர முடியுமானால் நாம் சேர்ந்து வேலை செய்யலாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். மாணவன் பெருமையாக நீட்டியதை விட்டுவிட்டு, அவனே பெரிதாக மதிக்காத ஒன்றிலிருந்து அவனைக் கண்டெடுத்த ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது நமக்கும் இத்தகைய கண் வாய்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பிறருடைய படங்களைப் படிப்பது தவறு என்று இதனால் கொள்ளவேண்டாம். 1957இல் பாரிசில், குடையைப் பிடித்தபடி சாலையோரத்தில் தாவும் பெண்ணை அவடான் படமெடுத்தார். முன்காச்சிக்கு வணக்கம் என்று அதன் தலைப்பிலேயே குறிப்பிட்டார். யாரிடம் கற்றோம் என்பதை மறைக்காமல் சொல்லிக்கொண்டே, தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொள்ள முடிந்தது.

ஈவ் அர்னால்டின் அனுபவம் வேறு வகையானது. சில வாரங்களே அவ்வகுப்பில் இருந்தார். முதலில் அவர் கொண்டுசென்ற படங்களை வகுப்பு கடுமையாகக் குறை கூறியது. பிறகு ஆடை அலங்காரம் என்ற தலைப்பு வந்தது. அவர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் தாங்களே தைத்த உடைகளோடு நடத்திய அலங்காரக் காட்சிகளைப் பற்றிச் சொன்னார். அர்னால்ட் அங்கே சென்றார். பெரிய சஞ்சிகைகள் எட்டிப் பார்க்காத அக்காட்சிகளை, மேடைக்குப் பின்புறம் உட்பட, இருந்த வெளிச்சத்திலேயே எடுத்தார். ப்ரோடோவிச் அதனைப் பாராட்டி, இதையே தொடருங்கள் என்றார். 1951இல் அப்படங்கள் பிரிட்டனின் 'பிக்சர் போஸ்ட்' இதழில் வெளிவந்தன. ஆடை அலங்காரம் என்றதும் விலையுயர்ந்த உடைதான் என்று எண்ணும் நம் பிள்ளைகளுக்கு முதலில் காட்டவேண்டியவை இவையே என்பேன்.

ஆனால் ப்ரோடோவிச்சை முழுமையாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எளிதில் பாராட்டமாட்டார், முகத்துக்கு நேரே சலிப்பைக் காட்டுவார். அக்கடுமையைத் தாங்க முடியாதவர்களும் அங்கே இருந்தார்கள். டயான் ஆர்பஸ், கணவரோடு சேர்ந்து ஆடை அலங்காரப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர். அவரும் அவ்வகுப்பில் இருந்தார். ஆயினும் அவருக்கு வழி திறந்தது அங்கன்று. லிசெட் மாடல் என்னும் இன்னோர் ஆசிரியரிடம் சேர்ந்த பிறகே தாம் எதை எடுக்க விரும்புகிறோம் என்பதை அவர் கண்டுகொண்டார். வளர்ந்தவர்களுக்கே இந்நிலை என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சலித்த முகம் எதற்கு? தலைப்பு கொடுப்பதையும் படங்களைப் பரப்பி வைத்துப் பேசுவதையும் நம் புகைப்படக் கழகங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும். கடுமையை அங்கேயே விட்டுவிடலாம்.

ப்ரோடோவிச்சின் மாணவியும் சஞ்சிகையில் அவருக்கு உதவியாளருமான லிலியன் பாஸ்மன், மதிய உணவு நேரத்தில் இருட்டறைக்குச் சென்று தானே கற்றவர். மெல்லிய துணியையும் தாளையும் இடையே பிடித்து, படத்தின் சில பகுதிகளை மட்டும் மென்மையாக்கினார். வேறு சிலவற்றை வெளுப்பு மருந்தால் வெளிறச் செய்தார். 1947இல் பாரிஸ் சென்ற அவடான், தம் ஸ்டூடியோவை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். அவர் பிற்காலத்தில் மனம் சலித்துத் தம் படச்சுருள்களில் பெரும்பகுதியை எறிந்துவிட்டார். மறந்துபோன ஒரு பையில் எஞ்சியவை 1990களின் தொடக்கத்தில் கிடைத்தபோது, எழுபது வயதைக் கடந்த அவர் மீண்டும் இருட்டறைக்குள் நுழைந்து அவற்றைப் புதிதாக அச்சிட்டார்.

பிலடெல்பியா வகுப்பின் மாணவர் இர்விங் பென். 'வோக்' சஞ்சிகைக்கு அவர் எடுத்த முதல் அட்டைப்படம் 1943 அக்டோபரில் வந்தது. அதில் பெண்ணே இல்லை. கைப்பை, கையுறை, கழுத்துத் துணி, சில எலுமிச்சைகள் ஆகியவற்றை அடுக்கிய படம். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் பெரு நாட்டின் குஸ்கோ நகருக்குச் சென்றவர், கிறிஸ்துமஸ் காலத்தில் அவ்வூர்ப் புகைப்படக்காரரின் பகலொளி ஸ்டூடியோவைச் சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்தார். பண்டிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த மலைவாழ் மக்களிடம் பணம் வாங்குவதற்குப் பதிலாக, இவரே அவர்களுக்குப் பணம் கொடுத்துப் படமெடுத்தார்.

1950ஆம் ஆண்டு பாரிசின் புதிய ஆடைகளைப் படமெடுக்க அவருக்குக் கிடைத்த இடமும் விளக்குகள் நிறைந்த ஸ்டூடியோ அன்று. பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடி. முன்பு புகைப்படப் பள்ளியாக இருந்த இடம். தண்ணீர்க் குழாய்கூட இல்லை. வடக்குப் பக்கச் சாளரத்தின் வழியாக வந்த ஒளி மட்டுமே இருந்தது. நாடக அரங்கொன்று கழித்துப் போட்ட சாம்பல் நிறத் திரையைப் பின்னால் தொங்கவிட்டு, பேரரங்க உடைகளை அணிந்த பெண்களை அதன்முன் நிறுத்தினார். அதே திரையின்முன் பாரிசின் ரொட்டிக்காரரையும் இறைச்சிக்காரரையும் அவரவர் வேலை உடையிலேயே நிறுத்தினார். அத்திரையைப் பென் தம் இறுதிக்காலம் வரை வைத்திருந்து பயன்படுத்தினார். 2017ஆம் ஆண்டு அவருடைய நூற்றாண்டையொட்டி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில், படங்களோடு அந்தப் பழைய துணியையும் தொங்கவிட்டிருந்தார்கள்.