துடைத்தெறியாத வரிகள்

1993 டிசம்பர் 31. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், ஹம்போல்ட் பக்கம் ஒரு வீடு. மூன்று பேரைக் கொன்று போட்டார்கள். பிராண்டன் டீனா, லிசா லாம்பர்ட், ஃபிலிப் டிவைன். பிராண்டனுக்கு 21 வயசு. திருநம்பி. கொன்ற இருவரும்தான் ஒரு வாரத்துக்கு முன்னால் அவரைப் பாலியல் வன்முறை செய்தவர்கள். புகார் கொடுக்கப் போனார். ஷெரீஃப் அவர்களைக் கைது செய்யவில்லை. புகார் கொடுத்தவரின் உடம்பைப் பற்றியே குடைந்து குடைந்து கேட்டார்.

அந்த விசாரணை டேப்பில் பதிவாகியிருந்தது. 2001இல் நெப்ராஸ்கா உச்சநீதிமன்றம் ஷெரீஃபின் நடத்தையைக் கண்டித்துத் தீர்ப்பளித்தபோது, டேப்பிலிருந்த பேச்சு தீர்ப்பிலேயே ஏறியது. டேப் தொலைந்திருந்தால்? 'அப்படியெல்லாம் கேக்கலைங்க' என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்கள்.

தைவானில் பிறந்த கலைஞர் ஷு லீ சியாங், இந்தக் கொலையை வைத்து 'பிராண்டன்' என்ற படைப்பை 1998இல் செய்தார். நியூயார்க் கக்கன்ஹைம் மியூசியம் இணையத்துக்கென்று செய்யச் சொன்ன முதல் படைப்பு இது. கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டிய படைப்பு. நெடுஞ்சாலை, சிறைக்கூடம், துண்டு துண்டான உடல் படங்கள். பலர் சேர்ந்து எழுதினார்கள். ஓராண்டு வளர்ந்தது.

பிறகு அது சாகத் தொடங்கியது. ஓலைச்சுவடிக்குச் செல்லரிக்கும். இதற்கு அப்படியில்லை. படங்களையும் எழுத்துகளையும் அசைய வைத்தவை 'ஜாவா'வில் எழுதிய குட்டி நிரல்கள். பிரவுசர் கம்பெனிகள் அவற்றை ஆதரிப்பதை நிறுத்தின. யாரும் தீ வைக்கவில்லை, யாரும் தடை போடவில்லை. ஆனாலும் பக்கத்தைத் திறந்தால் ஓட வேண்டியது ஓடவில்லை.

2016, 2017இல் மியூசியத்தின் பாதுகாப்பாளர்களும் நியூயார்க் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் துறையினரும் இதைச் சீர்செய்தார்கள். திரையில் ஓடுவதை வீடியோ எடுத்து வைத்துவிட்டு 'காப்பாத்தியாச்சு' என்று கையை உதறியிருக்கலாம். ஆனால் பார்ப்பவர் சுட்டியை நகர்த்தினால்தான் இந்தப் படைப்பு உயிர் பெறும். வீடியோ அதன் சாவுப் படமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் புதிதாக எழுதியிருக்கலாம். அப்படிச் செய்தால் 1998இன் கைவேலை போய்விடும். அவர்கள் செத்துப்போன வரிகளைத் துடைத்தெறியாமல், இயங்காதபடி அடைத்து அங்கேயே விட்டார்கள். பக்கத்தில் புது வரிகளை எழுதினார்கள். எங்கே கை வைத்தோம் என்று குறிப்பும் எழுதினார்கள். நாளைக்கு வருகிற ஒருத்தர் எது பழசு, எது ஒட்டுப்போட்டது என்று பிரித்துப் பார்க்கலாம்.

இது வெறும் தொழில்நுட்ப விஷயமா? கொல்லப்பட்ட மூவரில் ஃபிலிப் டிவைன் கறுப்பர், மாற்றுத்திறனாளி. இதே கொலையை வைத்து 1999இல் வந்து ஆஸ்கர் வாங்கிய 'பாய்ஸ் டோன்ட் க்ரை' படத்தில் அவர் இல்லை. செத்தவர் இரண்டு பேர் என்றே பார்த்தவர்கள் எழுந்து போனார்கள். கதை சுலபமாக ஓடவேண்டும் என்பதற்காக ஒரு மனுஷனையே வெட்டிவிட முடிகிறது. மியூசியத்தில் ஓடாத ஒரு வரியைக்கூட வெட்ட யோசித்திருக்கிறார்கள்.

எதைக் காப்பாற்றினோம் என்பதோடு சேர்த்து, எதை மாற்றினோம், எதை விட்டோம் என்றும் எழுதி வைக்க வேண்டும். அதுதான் ஆவணம். மிச்சமெல்லாம் ஜெயித்தவன் சொன்ன கதை.