ஆலய மதிலைக் கடந்த கிறித்தவப் பாட்டு

தமிழில் கிறித்தவ இசைப்பாடல் நேற்றுத் தோன்றியதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இராகங்களில் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் திருச்சபைகளில் பாடப்படுகின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் ஆலய மதிலுக்குள்ளேயே ஒலித்தன. பிற சமயத்தாரும் விரும்பிக் கேட்ட கிறித்தவப் பாட்டு யாதெனின், 1948-இல் வெளிவந்த ‘ஞானசௌந்தரி’ படத்தின் ‘அருள் தாரும் தேவமாதாவே’ என்பதனைத் தயங்காது சுட்டலாம்.

சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்த அப்படத்தை நாகூர் இயக்கினார், எஸ். வி. வெங்கட்ராமன் இசையமைத்தார். சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்த பெண் தேவமாதாவின் அருளால் அவற்றை மீண்டும் பெறும் கதை அது. பாட்டின் தொடக்கத்தைச் சிறுமிக்காக ஜிக்கி பாடினார். அவள் வளர்ந்து மங்கையானதும் பி. ஏ. பெரியநாயகியின் குரல் தொடர்கிறது. இசையமைத்தவரும் பாடிய இருவரும் கிறித்தவர் அல்லர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சமயப் பொருளே இவ்வெற்றிக்குக் காரணம் எனின், அது பொருந்தாது. அதே ஆண்டில் அதே கதையை ஜெமினி வாசனும் படமாக்கினார். பெரிய நிறுவனமாயிருந்தும் அப்படம் எடுபடவில்லை. வாசனே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆகவே வென்றது பொருளன்று, அதனை உரைத்த முறையே. தாயிடம் குழந்தை இரந்து நிற்கும் நிலையை எச்சமயத்தாரும் தமதாகக் கொள்வர்.

படம் கொட்டகையை விட்டுப் போய்விடும். பாட்டை வீட்டுக்குள் கொணர்ந்தவை இசைத்தட்டும் வானொலியுமே. மலாயாத் தமிழர்க்கு வானொலி புதிதன்று. பினாங்கு வானொலிக் கழகம் 1934-இலேயே தமிழிலும் ஒலிபரப்பியது. இந்தியாவிலோ, 1952-இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டைக் கட்டுப்படுத்தினார். நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1950-இல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பு விளம்பர வருவாயில் நடந்தது. நேயர் விரும்பும் பாட்டே விளம்பரதாரரையும் ஈர்க்கும். அங்கே செபப்பாட்டும் காதற்பாட்டும் ஒரே வரிசையில் நின்றன.

மேனாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்காவின் பெர்க்லி நகரத் திருச்சபை ஒன்றில் எட்வின் ஹாக்கின்ஸ் குழுவினர் பதிவு செய்த ‘ஓ ஹாப்பி டே’ என்னும் பாட்டு, வானொலியில் ஒலித்த பின்னரே நாடெங்கும் பரவி, 1969-இல் அந்நாட்டு இசைத்தட்டு வரிசையில் நான்காம் இடத்தை எய்தியது.

பக்தி விலைப்பொருளாயிற்றே என வருந்துவார் உளர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. தட்டை விற்றவர் வருவாயையே கருதினர். ஆயினும் கேட்டவர் பெற்றது வேறொன்று. ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாமில் நடைபெறும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பாயான் பாருவிலிருந்து பாலம் கடந்து செல்வோர், மெழுகுவர்த்தி ஏற்றும் கூட்டத்தில் திருநீறணிந்த நெற்றிகளையும் காணலாம். அத்தகைய உள்ளங்களுக்கு அப்பாட்டு அயலாருடையதன்று. சமய இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர், தேம்பாவணியோடும் கீர்த்தனைகளோடும் இத்திரைப்பாட்டையும் வைத்துக் காட்டின், தமிழ் அனைவர்க்கும் பொது என்பதை மாணவர் காதாலேயே உணர்வர்.