ஹரிதாவின் ஆகாயம்

பழனி மலைத்தொடரிலுள்ள கவுஞ்சி என்னும் ஊரின் பூண்டு வயல்களில் மூடுபனி விலகும் வேளையில், முகட்டுக்கு மேலே எங்கோ செல்லும் விமானத்தின் ஒலி கேட்டு, களைக்கொட்டும் கையுமாக நிமிர்ந்து நோக்கும் பெண்களைக் காணுந்தோறும், ஹரிதா கௌர் தியோல் என்னும் சண்டிகர் நங்கையின் நினைவே என் சித்தத்தில் எழுகிறது.

1932-இல் தோன்றிய இந்திய விமானப்படை, அறுபதாண்டுக் காலம் ஸ்திரீகளை விமானியின் ஆசனத்தில் அமர்த்தாதிருந்து, பின்னர் 1993-இல் ஏழு பெண்களைத் தெரிந்தெடுத்தது. அவ்வெழுவருள் ஒருவரான ஹரிதா, 1994 செப்டம்பர் 2-ஆம் நாள், தமது 22-ஆம் பிராயத்தில், ஆவ்ரோ விமானத்தைத் தன்னந்தனியே செலுத்தி 10,000 அடி உயரம் எய்தினார். பழனி மலைத்தொடரின் சிகரங்கள் அனைத்தையும் விஞ்சிய உயரம் அது.

ஆயினும் அந்தச் சாதனை தந்த சந்தோஷம் நீடிக்கவில்லை. 1996 டிசம்பர் 24 அன்று ஆந்திர தேசத்தில் நிகழ்ந்த ஆவ்ரோ விபத்தில் மாண்ட வீரர்களுள் அவரும் ஒருவர், வயது 25. அதை எண்ணும்போது இன்றும் நெஞ்சம் கனக்கிறது.

அவர் திறந்த வழியிலேதான் 1999-இல் குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் கார்கில் யுத்தகளத்துக்கு ஹெலிகாப்டர் செலுத்திச் சென்றார்கள். 2016 ஜூன் 18-இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் துண்டிகல் பயிற்சிக் கழகத்தில் போர்விமானிகளாகப் பதவியேற்றார்கள்.