அலுமினியத்துக்குள் நானோ இழை: ஆய்வகத்தில் ஜெயித்தது ரோட்டுக்கு ஏன் வரவில்லை?

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் எடை குறைந்தால் அதே பேட்டரியில் கூடுதல் தூரம் ஓடும். எஃகை விட்டுவிட்டு அலுமினியம், மெக்னீசியம் பக்கம் வாகன நிறுவனங்கள் பார்ப்பது அதனால்தான். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.85 கிராம். அலுமினியம் 2.7, மெக்னீசியம் வெறும் 1.74. ஆனால் எடையோடு சேர்ந்து பலமும் குறைந்துவிடுகிறதே! அதற்கு ஒரு வழி, உலோகத்துக்குள்ளேயே கார்பன் நானோ குழாய்களைக் கலப்பது.

கான்கிரீட்டுக்குள் கம்பி மாதிரியா?

கிட்டத்தட்ட. தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய இந்தக் குழாய்களின் விறைப்பு, எஃகைப்போல் சுமார் 5 மடங்கு. ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இவற்றைக் கவனித்தது. உலோகத்துக்குள் இழை போடும் யோசனை அதைவிடப் பழசு. 1983-லேயே டொயோட்டா, டீசல் எஞ்சினின் அலுமினிய பிஸ்டனில் செராமிக் இழைகளைச் சேர்த்துவிட்டது.

அப்புறம் என்ன தடை?

முதல் தடை, கட்டி தட்டுவது. ரவையைக் கொதிக்கும் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். நானோ குழாய்கள் ஒன்றையொன்று இழுத்து முடிச்சு போட்டுக்கொள்ளும். அந்த முடிச்சு பலம் தராது. விரிசல் தொடங்கும் இடமாகத்தான் மாறும்.

உருகிய அலுமினியம் கார்பனோடு எளிதில் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர் போல விலகும். சரி, சூட்டைக் கூட்டி ஒட்ட வைக்கலாம் என்றால் இரண்டும் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உருவாகிறது. அது கொஞ்சமாக இருந்தால் பிடிப்புக்கு உதவும். அதிகமானால் உலோகம் நொறுங்கும், ஈரம் பட்டாலும் அரிக்கும்.

அதனால் பலர் உருக்குவதையே தவிர்க்கிறார்கள். அலுமினியத் தூளையும் நானோ குழாயையும் எஃகுக் குண்டுகள் உருளும் பால் மில்லில் அரைத்து, பிறகு அழுத்தமும் வெப்பமும் கொடுத்து கட்டியாக்குவார்கள். இதிலும் ஒரு வம்பு: அதிக நேரம் அரைத்தால் குழாய்களே உடைந்துபோகும். பலம் கூடும்போது வளையும் தன்மை குறைவதும் வழக்கம். விபத்தில் நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பாகத்துக்கு அது ஆபத்து. செலவு வேறு இருக்கிறது.

நம்ம ஊர் தொடர்பு

இந்தத் துறையில் பலர் புரட்டும் ஆங்கில நூல் ஒன்றை எழுதிய மூவரில் ஒருவரான ஸ்ரீனிவாச ராவ் பக்ஷி, சென்னை ஐஐடி பேராசிரியர்.

மைசூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1800-ல் அந்தப் பகுதியைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், அங்கே எஃகு தயாரித்த முறையைக் குறித்து வைத்தார். தமிழகத்திலும் கர்நாடகத்திலும் உருவான 'ஊட்ஸ்' எஃகு டமாஸ்கஸ் வாள்களுக்குப் பேர்போனது. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படியொரு வாளில் கார்பன் நானோ குழாய்கள் தென்பட்டதாக 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 'அப்பவே நானோ டெக்னாலஜி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதை வைத்துத்தான். ஆனால் அந்தக் கொல்லர்கள் குழாய்களைத் தனியாகச் செய்து கலக்கவில்லை.